சரி என்று எழுதிய குறிப்புகள்

ஓய்வுபெற்று மூன்றாவது ஆண்டு, 2008 வாக்கில், விருதுநகரில் எங்கள் தெருவில் குடியிருந்த பொறியியல் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் என் பழைய குறிப்பேடுகளைக் கேட்டு வந்தார். பட்டாசு ஆலைகளை ஆய்வு செய்யும் வேலையில் இருந்தபோது, அலுவலகக் கோப்புக்குப் போனது போக, எனக்கென்று ஒரு பிரதி எழுதி வைப்பேன். அறையில் எத்தனை பேர், கதவுகள் திறந்திருந்தனவா, வெடிமருந்து எவ்வளவு. கடைசியில் என் முடிவு: சரி அல்லது ஆபத்து. அவற்றைக் கொடுத்தால் கணினியே முடிவு சொல்லக் கற்றுக்கொள்ளும் என்றார் அந்தப் பெண். முனைவர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. எனக்கு முப்பது ஆண்டு பிடித்ததே, அதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்றேன். ஒரு மதியம் போதும் என்றார்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். கணினி பார்த்திராத இருபது குறிப்புகளைக் கொடுத்துச் சோதித்தாராம். பத்தொன்பதில் என் முடிவையே அதுவும் சொல்லியிருந்தது. அது எனக்குப் பெருமையா அவமானமா என்று விளங்காமல் காபி கொடுத்தேன்.

"ஒண்ணுல மட்டும் மாறுது சார். ஒரு கதவு பூட்டியிருக்குனு எழுதியிருக்கீக. ஆனா 'சரி'னு முடிச்சிருக்கீக. மிஷின் ஆபத்துங்குது. உங்க அனுபவத்துல வேற ஏதோ தெரிஞ்சிருக்கும்ல? சொன்னீகன்னா அதுக்கும் சொல்லிக்குடுத்துருவேன்."

அந்த நாள் நினைவிருந்தது. சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆலை. பூட்டுக்குச் சாவி தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பிறகு அங்கே விபத்து எதுவும் நடக்கவில்லை. அதற்கு நான் காரணமில்லை.

விதி எண்ணோடு ஒரு காரணம் தயாரிக்க எனக்கு அரை நிமிடம் போதும். அந்தப் பெண்ணும் நம்பியிருப்பார், கணினியும் நம்பியிருக்கும்.

"அனுபவமெல்லாம் இல்லம்மா. ரயிலுக்கு நேரமாயிருச்சு. மிஷின் சொல்றதுதான் சரி."

என் முகத்தைப் பாராமல், கையிலிருந்த இருபது குறிப்புகளின் பட்டியலில் குறித்துக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒத்துப்போன பத்தொன்பதில் இரண்டு, நான் ஆலைக்கே போகாமல் மேசையில் உட்கார்ந்து எழுதியவை. எல்லாக் கதவும் திறந்திருக்கும். எல்லா அறையிலும் விதி சொல்லும் நான்கே பேர் இருப்பார்கள். அவ்வளவு ஒழுங்கான குறிப்பைக் கணினி எப்படிச் சந்தேகிக்கும்?

பட்டியலை வாங்கி அந்த இரண்டையும் கோடிட்டு அடித்தேன். ஏன் என்றும் சொன்னேன்.

அவர் மற்றக் குறிப்பேடுகளைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் அடுக்கினார்.

"இதுல இந்த மாதிரி எம்புட்டு இருக்கும் சார்?"

அதைக் கணினியிடம் கேட்டுப் பயனில்லை. முதல் ஏட்டைத் திறந்தேன்.