ஐந்தடிக்கு வெறும் சரளை

ஏணியில் நின்றபடி தச்சர், கூரையோரத் தகரக் கால்வாயிலிருந்து சருகுகளை அள்ளி அள்ளிக் கீழே போடுகிறார். அத்தனையும் சுவரோரமாய் விழுகின்றன. இறங்கி வந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்கிறார். சுவரோரம் சருகு சேரக்கூடாது என்றுதானே ஏணியில் ஏறியதே. குனிந்து வாரிக்கொண்டு வேலிக்கு அப்பால் போகிறார். தினமும் இதே கூத்துதான்.

மலைச்சரிவில் கடைசி வீடு அவருடையது. அதற்கு மேலே காடு. போன கோடையில் காட்டுத் தீ மேட்டோடு நின்றுவிட்டது. ஆனால் ஒரு கங்கு பறந்து வந்து வாசல் மிதியடியில் விழுந்து புகைந்தது. அவர் மனைவி அதைச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தாள். மறுநாளே மகள் வீட்டுக்குப் பெட்டி கட்டிவிட்டாள்.

"அடுப்புக்குள்ள என்னால குடித்தனம் பண்ண முடியாது. வீட்டைச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க, வர்றேன்."

அவள் போனபின் வீடு வெறிச்சோடிப் போயிற்று. தச்சர் அதை வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. கேட்டவர்களிடம், "டீ நானே போட்டுக்கறேன்" என்பதோடு சரி.

தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்துச் சொன்னது எதுவும் அவர் மண்டையில் ஏறவில்லை. தூரத்துப் பெரிய மரங்களில் தாழ்ந்த கிளைகளைக் கழித்தால் போதுமாம். சுவரை ஒட்டிய பூச்செடிகளைத்தான் பெயர்க்க வேண்டுமாம். "காட்டை விட்டுட்டு என் ரோஜாச் செடியப் பிடிச்சுக்கிட்டாரு" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் புலம்பினார். அவர் கையால் இழைத்த மர வேலி வீட்டுச் சுவரைத் தொடுவதும் தப்பாம். அதைப் பிடித்துக்கொண்டே தீ உள்ளே வந்துவிடுமாம்.

"அப்ப நடந்து வருமா, பறந்து வருமா? ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க சார்."

"ரெண்டும்தாங்க" என்றார் அதிகாரி. தச்சர் தலையைச் சொறிந்தார்.

கூரையின் காற்றுத் துளைகள் வழியாகவும் கங்கு புகும் என்று கேட்டதும், அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய சாக்குகளைச் சுருட்டித் துளைகளில் திணித்தார். மறுமுறை வந்த அதிகாரி ஒன்றை உருவி எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"ஓட்டைய அடைச்சிருக்கேன் சார்."

"கங்குக்கு மெத்தை போட்டு வச்சிருக்கீங்க. சன்னமான கம்பிவலை அடிங்க."

தச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றே வலை வாங்கி அடித்தார். செடிகளைத் தள்ளி நட்டார். வேலியின் கடைசித் துண்டை அறுக்கும்போது மட்டும் ரம்பம் நின்று நின்று ஓடியது. அந்த இடத்தில் கல் அடுக்கினார். மிதியடியையும் எடுத்துவிட்டார். வீட்டைச் சுற்றி ஐந்தடிக்கு வெறும் சரளை. "மொட்டை அடிச்ச மாதிரி இருக்கும்மா. இதுவா பாதுகாப்பு?" என்று மகளிடம் போனில் முனகினார்.

நேற்று மனைவி வந்தாள். பையைக்கூட இறக்காமல் வீட்டைச் சுற்றி வந்தாள். வலையை அண்ணாந்து பார்த்தாள், சரளையைக் காலால் தள்ளிப் பார்த்தாள். தச்சர் பின்னாலேயே போனார்.

"சரி" என்றாள்.

வாசற்படியில் புழுதிக் காலோடு நின்று, பழக்கத்தில் மிதியடியைத் தேடினாள். தச்சர் திருதிருவென்று விழித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் காலடியில் விரித்தார். அவள் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனதும் துண்டைத் தூக்கினார், மேலே காட்டைப் பார்த்தார், வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, மறுபடியும் அதே படியில் விரித்தார்.