தூணுக்குப் பின்னால் உயர்ந்த கை

மார்ச் ஒன்பது, ஞாயிறு. ஆறு மணிக்கு எழுந்து பால் காய்ச்சி, செடிகளுக்குத் தண்ணீர் விட்டு, அம்மாவை ஆட்டோவில் ஏற்றி, எட்டேகாலுக்குக் கோர்படி ஆலயத்தை அடைந்தேன். அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. உள்ளே, சபைக் கூட்ட முடிவுகளை அப்பா எழுதிவைத்த பழைய "மினிட் புக்".

மதுரைப் பக்கத்திலிருந்து இந்த மராட்டிய ஊருக்கு ரயில்வே வேலைக்கு வந்த எங்கள் குடும்பங்கள் ஊரில் பழகிய வழக்கத்தையே இங்கும் வைத்துக்கொண்டன: மேலே பிஷப் கிடையாது, போதகரை அழைப்பது முதல் பெஞ்சு வாங்குவது வரை சபையார் கூடி, ஆணும் பெண்ணும் கை தூக்கி முடிவு செய்வார்கள். என் ஒன்பதாம் வயதில், பெரிய ஐக்கியச் சபையோடு சேர்வதா என்ற கேள்வி வந்தது. சேர்ந்தால் நிலையான போதகர் கிடைப்பார். ஆனால் முடிவுகள் மேலிடத்துக்குப் போய்விடும். செயலாளரான அப்பா கூடாது என்றார். அதற்கு முந்திய மழைக்காலத்தில் என் தம்பி நாற்பது நாள் குழந்தையாக இறந்தபோது, போதகர் இல்லாமல் அப்பாவேதான் அடக்க ஜெபம் வாசித்தார். அம்மா அதை மறக்கவில்லை.

"கூட்டத்துல நீ எம் பொண்டாட்டி இல்ல, மெம்பர். தோணுனதச் செய்" என்றார் அப்பா, கிளம்பும்போது.

"சரி. மத்தியானச் சோத்த மெம்பர்கிட்ட கேக்காதீங்க" என்றாள் அம்மா.

அப்பா எண்ணியதில் எதிராகப் பதினெட்டுக் கைகள், அவருடையதும் சேர்த்து. ஆதரவும் பதினெட்டில் நின்றது. சமமானால் தீர்மானம் தோற்றுவிடும். கடைசி பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உயர்ந்திருந்த அம்மாவின் கை, பக்கத்திலிருந்த எனக்கும் எதிரே நின்ற அப்பாவுக்கும் மட்டுமே தெரிந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பத்தொன்பது" என்றார். அன்று மாலை அதை இந்தப் புத்தகத்தில் தன் கையாலேயே எழுதினார். சில ஆண்டுகளில் கைகளை எண்ணும் வழக்கமே நின்றுபோனது.

இப்போது செயலாளர் நான். அலமாரியைத் திறந்த அந்த மார்ச் ஞாயிறன்று மேலிடத்துக் கடிதத்தைச் சபையில் வாசித்தேன்: தமிழ் வாசிக்கத் தெரிந்த இளைஞர்கள் குறைந்துவிட்டதால், அடுத்த மாதம் முதல் தமிழ் ஆராதனை நிறுத்தப்படும். கடிதத்தை மடிக்கும்போது, எண்பதைத் தாண்டிய அம்மா முன் பெஞ்சில் கை தூக்கினாள்.

"இது ஓட்டு இல்லம்மா, தகவல்."

"ஒங்கப்பா இருந்தா எண்ணியிருப்பாரு. எண்ணுடி."

பின்னால் ஒவ்வொரு கையாக எழுந்தது.

மறுநாள் காலை, பால் அடுப்பில் ஏறும் முன், வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அப்பாவின் புத்தகத்தில் மீந்திருந்த பக்கத்தில் எழுதினேன்: "தமிழ் ஆராதனை தொடர வேண்டும். ஆதரவு இருபத்துமூன்று, செயலாளரின் கையும் சேர்த்து."