நனையக் கூடாத பெட்டி

கேமரா தூக்கும் தொழிலில் ஆள் நனையலாம், பெட்டி நனையக் கூடாது.

அடுத்தவர் பெட்டியைச் சுமந்து பிழைத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். துரையின் துப்பாக்கியைத் தூக்கியவர், தோட்டக் கணக்கெழுதும் கிராணிக்குக் குடை பிடித்தவர், டாக்டரின் பையோடு பின்னால் ஓடியவர். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் பொய் என்பார்கள். சொல்லட்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பொய்யை ஜோடித்து எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை.

வேலை வந்த விதம்

மெர்டேக்காவை, அதாவது மலாயா சுதந்திரத்தை, ஒட்டிய வருஷங்கள். காஜா பெராங்கில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். மலாக்கா டவுனில் ஒரு தமிழர் நடத்திய ஸ்டூடியோவில் கூட்டுவது, திரை மாற்றுவது, விளக்குப் பிடிப்பது என் வேலை. எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. கல்யாண வீடுகளில் கேமராவுக்குப் பின்னால் நிற்கிற ஆளாக வேண்டும். அதே ஆசை முதலாளியின் அக்காள் மகனுக்கும் இருந்தது. அவனுக்கு மாமா இருந்தார். எனக்கு யாரும் இல்லை.

ஒருநாள் ஜாசின் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் கடைக்கு வந்தார். லேடாங் மலையடி ஓடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிப்பாராம். அதைத் தண்ணீருக்குள்ளேயே நின்று படம் எடுக்க ஆள் வேண்டுமாம். மருமகன் உடனே இருமிக் காட்டினான். முதலாளி என்னைப் பார்த்தார். கேமராவை ரப்பர் ஷீட்டில் சுற்றி, பெரிய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, தோளில் மாட்ட வார் கட்டிக் கொடுத்தார். துரை சீமைக்குப் போகும்வரை பெட்டி பத்திரமாக வந்தால், கல்யாண வேலை எனக்கே என்று வாக்கும் கொடுத்தார். நான் துரையின் லோரிக்குப் போகிற வழியில் வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார்.

"நீ நனைஞ்சா வெயில்ல காய்ஞ்சிடுவே. அது நனைஞ்சா நீ கடைப் பக்கம் வராதே லா."

இறகு ஈ

தூண்டிலில் மண்புழு கோர்ப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இந்தத் துரை கொக்கியில் சேவல் இறகையும் பட்டு நூலையும் சுற்றி ஈ மாதிரி ஒன்றைச் செய்வார். மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டையோடு ஓடையில் இறங்கி, நீளக் கயிற்றைச் சாட்டைபோல் முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொய் ஈயைத் தண்ணீர்மேல் மெல்ல உட்கார வைப்பார். கெலா மீன் ஏமாந்து கடிக்கும். அப்போது கையைத் தூக்கி, "சாமி! பெட்டி!" என்று தோட்டத் தமிழில் கத்துவார். தமிழர்கள் எல்லாருமே அவருக்குச் சாமிதான்.

எனக்கு அரைக்கால் சட்டைதான். மலை உச்சியிலிருந்து இறங்குகிற தண்ணீர், பல் தந்தி அடிக்கும். டின்னைத் தலைமேல் வைத்துக்கொண்டு வழுக்குக் கல்லைக் காலால் தடவித் தடவிப் போய், கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டி, குனிந்து அதன் கண்ணாடியைப் பார்த்து எடுக்க வேண்டும். எடுத்து முடிந்ததும் துரை மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். ஒருநாளும் ஒரு மீன் எங்களுக்குத் தந்ததில்லை. இதை நான் இன்னும் மறக்கவில்லை.

துரையின் வண்டி ஓட்டியவர் பெயர் பிள்ளை. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறி மலாய் பேசப் பழகிய காஜா பெராங் செட்டி வம்சத்தார். நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் மலாய்தான் வரும், நடுவில் ஒன்றிரண்டு தமிழ் வார்த்தை எட்டிப் பார்க்கும். ஆற்றோடு போன மீனைப் பார்த்து அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"தின்னவும் மாட்டான், சாகவும் விடமாட்டான். இவன் மீன் பிடிக்க வரலை தம்பி, மீனைக் கேலி பண்ண வர்றான்."

ஓரடி குளிர்

அந்த ஓடையில் ஒரு வளைவு உண்டு. மரங்கள் இல்லாமல் வெயில் நேராக விழும் இடம். அங்கே தண்ணீர் கொஞ்சம் இதமாகத்தான் இருக்கும். ஆனால் வளைவின் நடுவில் ஓர் இடம், ஓர் ஆள் நிற்கிற அளவுதான், ஐஸ் கட்டிக்குள் கால் விட்டதுபோல் இருக்கும். ஓரடி தள்ளி நின்றால் ஒன்றும் இல்லை. முதலில் அடியில் ஊற்று இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் போனபோது அந்தக் குளிர் அங்கே இல்லை. கரைக்கு இன்னும் நெருக்கமாக வந்திருந்தது.

துரைக்குச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். குளிர்ந்த இடத்தில்தான் பெரிய மீன் நிற்கும் என்று அங்கேயே கயிற்றை வீசினார். ஒன்றும் கடிக்கவில்லை. கயிறு மட்டும் மெல்ல இழுபட்டது, குழந்தை முந்தானையைப் பிடித்து இழுப்பதுபோல. துரை விடாமல் வீசினார். கரையில் நின்ற பிள்ளை கையிலிருந்த சுருட்டை அணைத்துவிட்டார்.

"மீன் நிக்கும்கிறான். மீன் மட்டும்தானா நிக்குது, கேட்டுப் பாரு."

கூப்பிட்டால்

மறு வாரத்திலிருந்து பிள்ளை கரைக் கல்மேல் வெற்றிலை வைத்து, சாம்பிராணி காட்டிவிட்டுத்தான் எங்களைத் தண்ணீரில் இறங்கவிட்டார். துரை அதே கல்லில் தன் தொப்பியை வைத்தார். பிள்ளை தொப்பியை எடுத்து வண்டியில் வைத்தார்.

பிறகு என்னைத் தனியாக அழைத்து ஒரு விதி சொன்னார். மலைத் தண்ணீரில் நிற்கும்போது யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நம் பெயர் கேட்டாலும் உடனே திரும்பக் கூடாது. எனக்குச் சிரிப்பு வந்தது. துரைக்கு நான் சாமி. கடையில் நான் ராமு, அதுவும் அடையாளக் கார்டுக்குத் தோட்டத்துக் கிராணி சொன்ன பெயர். பெற்றவள் என்னை மாயாண்டி என்று கூப்பிட்டாள். அவள் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. மலாக்காவில் ஒருவரிடமும் நான் சொன்னதும் இல்லை. என் பெயர் தெரியாமல் அது எப்படிக் கூப்பிடும் என்று பிள்ளையிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு தடவை, ரெண்டு தடவை, ஜாங்கான் ஜாவாப், பதில் பேசாதே. மூணாவது தடவையும் கூப்பிட்டாதான் மனுஷன்."

வளையம்

ஒரு ஞாயிறு, நல்ல வெயில். துரை வளைவில் நின்று மீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்து கேமராக் கண்ணாடியைப் பார்த்தேன். துரைக்குப் பக்கத்தில் இன்னொருவர் முழங்கால் தண்ணீரில் நின்றார். முகம் துரையின் பக்கம் திரும்பி இருந்தது. கூந்தலா, நனைந்த துணியா, தோளிலிருந்து ஏதோ தொங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். துரை மட்டும்தான். அந்தக் கேமராவில் இடது வலதாகத் தெரியும். அதனால் இரண்டு பக்கமும் பார்த்தேன். யாரும் இல்லை. மறுபடி குனிந்தேன். அவர் அங்கேயே நின்றார். இந்த முறை முகம் என் பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. முழுக்கத் திரும்புவதற்குள் அமுக்கிவிட்டேன்.

முதலாளி படத்தைக் கழுவிவிட்டு என்னை இருட்டறைக்குக் கூப்பிட்டார். படத்தில் துரை இருந்தார், மீன் இருந்தது, வேறு யாரும் இல்லை. ஆனால் துரைக்குப் பக்கத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் பிரிந்து வளைந்து ஓடியது, இரண்டு கால் ஊன்றிய இடத்தில் ஓடுகிற மாதிரி. அங்கே கல் எதுவும் கிடையாது, நான் காலால் தடவின இடம் என்றேன். முதலாளி சிவப்பு விளக்கில் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கவிழ்த்து வைத்தார்.

"நீ கல்லுன்னு சொல்லு, நானும் கல்லுன்னு சொல்றேன். கல்யாண ஆர்டர் வர்ற கடைடா இது."

மூன்றாவது தடவை

மெர்டேக்கா கொடி ஏறிச் சில மாதம். துரை சீமைக்குக் கிளம்ப இருந்தார். அதுதான் கடைசி ஞாயிறு. இந்த ஒரு நாள் பெட்டி நனையாமல் வந்துவிட்டால் அடுத்த முகூர்த்தத்தில் நான் கேமராவுக்குப் பின்னால் நிற்பேன். அதை நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

வானத்தில் மேகம் இல்லை. துரை கீழே வளைவில் நின்றார், நான் அவரைப் பார்த்தபடி, மலைக்கு முதுகைக் காட்டி நின்றேன். பின்னால், மேலே தண்ணீர் வரும் திசையிலிருந்து, "மாயாண்டி" என்று ஒரு குரல். அவசரமே இல்லாத குரல், சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுவதுபோல. விதி நினைவுக்கு வந்தது. திரும்பவில்லை. காட்டில் சில்வண்டுச் சத்தமும் நின்றுபோயிருந்தது. "மாயாண்டி." பல்லைக் கடித்துக்கொண்டு துரையையே பார்த்தேன். மூன்றாவது தடவை காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. திரும்பினேன்.

யாரும் இல்லை. வளைவுக்கு மேலே, ஓடையின் அகலத்துக்கு, பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் வந்துகொண்டிருந்தது. உச்சியில் எங்கோ மழை கொட்டி, மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்குகிற தண்ணீர். நான் கரையிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் நின்றேன். பெட்டியோடு ஏறியிருக்கலாம். துரை நடுவில் நின்றார். கத்தினேன். ரப்பர் கால்சட்டையோடு அவரால் திரும்பவே முடியவில்லை. டின்னைக் கழற்றி எறிந்துவிட்டு நடுவுக்கு ஓடி, அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். பிள்ளை கரை வேரைப் பிடித்துக்கொண்டு என் கையைப் பற்றினார். தண்ணீர் எங்கள் காலைத் தொட்டுக்கொண்டு போனது. டின் ஒரு தடவை மினுங்கியது, அவ்வளவுதான்.

துரை குப்புறக் கிடந்து, இழுபட்டபோது குடித்த தண்ணீரைக் கக்கிவிட்டு, முதலில் கேட்டது, "பெட்டி எங்கே?" விதி சொன்ன பிள்ளைமேல்தான் எனக்குக் கோபம். முதல் தடவையே திரும்பியிருந்தால் ஆளும் பெட்டியும் இரண்டுமே மிஞ்சியிருக்கும். திட்டுவதற்காக அவர் பக்கம் திரும்பினேன். அவர் மேலே ஓடையையே பார்த்திருந்தார்.

"தம்பி, மூணு தடவை நானும் கேட்டேன். சியாப்பா மாயாண்டி? யாரு அது?"

கல்யாண வேலை

மறுநாள் துரை கடைக்கு வந்து, சாமி பயத்தில் பெட்டியை எறிந்துவிட்டான் என்றார். காலரைப் பிடித்து இழுத்ததை அவர் சொல்லவில்லை. கறுப்பன் ஒருவன் தன்னை நாய்க்குட்டிபோல இழுத்துப் போட்டதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பிள்ளை வெளியே வண்டியில் இருந்தார். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டதற்கு, இனி அந்தப் பேச்சையே பேசப் போவதில்லை என்றார். அப்படியே பேசாமல் செத்தும் போனார்.

முதலாளியிடம் நானே நடந்ததைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். படத்தைக் கவிழ்த்து வைத்த ஆள்தானே, நம்பாமல் இல்லை. ஆனாலும் மருமகனைக் கூப்பிட்டுப் புதுக் கேமராவை அவன் கையில் கொடுத்துவிட்டு, என்னிடம் கூட்டுமாற்றைக் கொடுத்தார்.

"உன்னை நம்புறேன்டா. அதனாலதான் சொல்றேன். உன்னைக் கூப்பிடுற எதுவும் கல்யாண வீட்டுக்குப் பின்னாலேயே வரக் கூடாது லா."

பின்னாளில் என் கல்யாணத்துக்கும் அந்த மருமகன்தான் கேமராவோடு வந்து "கொஞ்சம் சிரிங்க மாப்பிள்ளை" என்றான். நான் சிரிக்கவில்லை என்பதற்கு என் வீட்டுச் சுவரில் இன்றும் ஆதாரம் தொங்குகிறது.