தேவா அண்ணை சொன்ன ஓம்

மெல்பேர்னின் ரோவில் பகுதியில் என் பேத்தி யோகா வகுப்புக்குப் போகிறாள். போன சனிக்கிழமை அவளை ஏற்றிவர நேரத்தோடே போய்விட்டேன். உள்ளே இருபது பேர் கண்ணை மூடிக்கொண்டு ‘ஓம்’ என்று இழுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தாருக்கு ‘ஓம்’ என்றால் ‘ஆமாம்’. இத்தனை பேர் எதற்குத்தான் சம்மதம் சொல்கிறார்களோ!

அந்தச் சிரிப்பின் சொந்தக்காரர் தேவா அண்ணை. கொழும்பு ஹோட்டல்களில் ஜாஸ் குழு நடத்தி டிரம்பெட் ஊதியவர். எழுபதுகளில் மெல்பேர்ன் வந்தபோது கிடைத்தது பிஸ்கட் தொழிற்சாலை வேலை. இங்கே ஜாஸ் ஊதுபவர்களுக்குப் பஞ்சமில்லை என்று கண்டதும், ஒருவரும் செய்யாததைச் செய்யப் புறப்பட்டார்: தமிழில் ஜாஸ் இசைநாடகம். மாப்பிள்ளை ஊர்வலத்து யானை பெண்வீட்டு வாசல் படலையில் அசையாமல் நின்றுவிடும் கதை. யானை நான். பிளிறல் அவருடைய டிரம்பெட். என் உடம்புக்கு வேஷமே தேவையில்லை என்றார்கள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஸ்பிரிங்வேலில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஒரே ஒருமுறை மேடையேறியது. வந்த தமிழர் நாதஸ்வரம் எங்கே என்று கேட்டார்கள். அண்ணை அசரவில்லை.

“றெக்கோட்டிலை வரட்டும், அப்ப சனத்துக்கு விளங்கும். அது அழியாது” என்றார்.

ஒலிப்பதிவு செய்தவர் நீண்ட தாடி வைத்த இளைஞர். ஒவ்வொரு பாட்டுக்கும் முன் கண்ணாடிக்கு அப்பாலிருந்து, தயாரா என்று ஆங்கிலத்தில் கேட்பார். பதற்றத்தில் அண்ணைக்கு ஆங்கிலம் மறந்துபோகும். அடிவயிற்றிலிருந்து “ஓம்” என்பார். பின்னால் குழுவில் நாங்கள் ஏழு பேரும் “ஓம், ஓம்”. தாடிக்காரர் கண்ணை மூடிக் கைகூப்புவார். மரியாதை தெரிந்த பிள்ளை என்று மெச்சிக்கொண்டோம்.

இசைத்தட்டு வந்தது. அட்டையில் தாமரைப் பூ. கீழே ‘தியான இசை’ என்று ஆங்கிலத்தில். இரண்டு பக்கமும் எங்கள் ஓம்களையே வெட்டி ஒட்டி ஓடவிட்டிருந்தார்கள். டிரம்பெட் மருந்துக்கும் இல்லை. ஊதுபத்திக் கடைகளில் நன்றாக விற்றதாம்.

அண்ணை முழுவதையும் கேட்டார். தட்டு நின்ற பிறகும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

“கவலையோ, அண்ணை?”

“ஓம்” என்றார்.

அவ்வளவு மெதுவாக அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணையும் போய்விட்டார். அவர் ஊதியதில் ஒரு துளிகூட எங்கும் மிஞ்சவில்லை.

பேத்தி வெளியே வந்தாள். பசிக்குதோ என்று கேட்டேன்.

“யா” என்றாள்.

ஓமை உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.