குருவிக்குப் படித்துக் காட்டிய ஓகஸ்ட்

வாப்பா குருவி காக்க ஆள் தேடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை பளிச்சென்று வந்தது. ஓகஸ்ட் விடுமுறை தொடங்கி மூன்று நாள். வீடு முழுக்க எனக்கு மூத்த ராத்தாவின் பிள்ளைகள். ஒரு பக்கம் படிப்பதற்குள் புத்தகம் நாலு கை மாறிவிடும். நாவிதன்வெளியில் எங்கள் வயல் பால் பிடித்து நின்றது. அங்கே ஒரு பரண், கச்சான் காற்று, பகல் முழுக்கத் தனிமை. இதைவிட நல்ல வாசிகசாலை எங்கே கிடைக்கும்?

“நான் போறன் வாப்பா.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த ஐந்து புத்தகங்களைப் பார்த்தார்.

“குருவி காக்கவா போறாய், புத்தகம் காக்கவா? வயல்ல ஒரு மூலை பழுதாப் போனாலும் அண்டைக்கே வீட்டுக்கு வந்திரணும். ஓமா?”

“ஓம் வாப்பா.”

முதல் நாள் காலை நாற்பது பக்கம் ஓடியது. தலையை நிமிர்த்தினால் கிழக்கு மூலை முழுக்கக் குருவி. குதித்து ஓடித் தகரத்தை அடித்தேன். பறந்தன. நான் விட்ட பக்கத்துக்கு வந்தேன். அவையும் விட்ட கதிருக்கு வந்தன.

பக்கத்து வயலைக் காத்துக்கொண்டிருந்த பாண்டிருப்பு ஊர்க்கார அண்ணன் கூப்பிட்டுக் கேட்டார். “என்ன தம்பி, குருவிக்குக் கந்தூரிச் சோறா? சொல்லியிருந்தா எண்ட வயல் குருவியையும் அனுப்பியிருப்பனே!”

ரோசம் வந்துவிட்டது. விடுமுறை அன்றோடு முடிந்துவிடுமோ என்ற பயம் வேறு. நாவலில் காணி பிரிக்கும் இடம். அண்ணன்காரன் தம்பியை ஏசுகிறான். அந்த ஆத்திரத்திலேயே அடுத்த வரியை உரக்கப் படித்தேன். கூட்டம் மொத்தமாக எழும்பிப் போனது!

அதன் பிறகு வாய்விட்டுத்தான் வாசிப்பு. நிலா வர்ணனைக்கு ஒரு குருவிகூட அசையாது. சண்டைக்கு வயலே காலியாகும். ஆகவே நிலாவையும் சண்டைக் குரலிலேயே படித்தேன். ஒரு புத்தகம் ஒரு வாரம் இழுத்தது. தொண்டை கட்டி நிறுத்தினால் பாண்டிருப்பு அண்ணன் விடமாட்டார். “பொறகு என்ன நடந்த? தம்பிக்காரன் கையெழுத்து வெச்சானா?”

வாப்பா வந்த நேரம், “இந்த வயலில் உனக்கு ஒரு பிடி மண்ணும் கிடையாது! வெளியே போ!” என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பால் ஓடி வந்தார்.

“யாரோட சண்டடா மனே? வரம்ப வெட்டிட்டானுகளா?”

“சண்டை ஒண்டும் இல்ல காக்கா, தம்பி படிக்கிறார்,” என்று வாப்பாவிடம் சொன்னார் பாண்டிருப்பு அண்ணன். “கொஞ்சம் சும்மா இரிங்க, ரெண்டு பேரும் இப்ப வெட்டுப்படப் போறானுகள்.”

வாப்பா வயலைச் சுற்றினார். கதிரை உருவி நகத்தால் நசுக்கிப் பார்த்தார். கிழக்கு மூலையில் நின்றார்.

“இது?”

“முதல் நாள் வாப்பா. மனசுக்குள்ள படிச்சது.”

வெறும் பதராய் நின்ற கதிர் ஒன்றை ஒடித்து எறிந்தார். “அப்ப இனி மனசுக்குள்ள படிக்காத,” என்றுவிட்டு சைக்கிளை எடுக்கப் போனார்.

இந்த ஓகஸ்டிலும் பரண் எனக்குத்தான். போன முறை தொடாமலே நூலகத்தில் திருப்பிக் கொடுத்த கட்டுரைப் புத்தகத்தை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். அதில் சண்டை பிடிக்க ஒரு ஆள்கூட இல்லை. இருக்கட்டும், குருவி எழும்பும்படி அதையும் படித்துக் காட்டுவேன்.