பெண்கள் ஜெயிலின் பதினோரு வளையங்கள்

ஆறு காப்பி பிரிண்ட் எடுத்து, ஏ.இ. (அசிஸ்டென்ட் இன்ஜினியர்) கையெழுத்தும் வாங்கிவிட்ட டிராயிங்கில் தப்பு இருக்கிறது என்று தெரிந்தால் அதைப் போட்டவர் என்ன செய்வார்? வாயை மூடிக்கொண்டிருப்பார். என் சர்வீசில் நான் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். நானும் அந்த முக்கால்வாசியில் சேர்ந்திருக்க வேண்டியவள். சேராமல் தப்பித்ததைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். பெருமையடித்துக்கொள்வது போலத் தெரிந்தால் தெரியட்டும். பெருமைதான்.

கீழே நின்று அளந்தது

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரில் அரசுக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். பதவியின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது சேலை கட்டிய நான். பவானி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வெள்ளைக்காரன் காலத்து ஜெயில் ஒன்று பூட்டிக் கிடந்தது. தண்டனை பெற்ற பெண்களை மட்டும் அடைத்து வைத்திருந்த இடம். அதை இடித்துவிட்டுக் குவார்ட்டர்ஸ் கட்ட உத்தரவாகியிருந்தது. இடிப்பதற்கு முன் உள்ளது உள்ளபடி அளந்து ஒரு டிராயிங் போட்டு ஃபைலில் வைக்க வேண்டும். இடித்த பிறகு அந்த டிராயிங் சொல்வதுதான் உண்மை. மறுத்துப் பேசக் கட்டடம் இருக்காது.

டேப் பிடிக்கக் கலாசி பழனிசாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நீளமாக ஒரே ஹால். சுவரோரமாகப் பதினோரு கல் மேடைகள். அந்தக் காலத்தில் மேடைக்கு ஒரு பெண் படுத்திருந்திருக்கிறாள். மேலே ஒவ்வொரு மேடைக்கும் நேராக ஒரு தேக்கு உத்திரம். உத்திரத்துக்கு ஒன்றாகப் பதினோரு இரும்பு வளையங்கள் தொங்கின.

அங்கே ஒரு வாட்ச்மேன் இருந்தார். கதைக்கு ஒரு டீ என்பது அவருடைய ரேட்.

"அந்த வளையம் இருக்குதுங்களே மேடம், அதுலதான் பொம்பளைங்களக் கையக் கட்டித் தொங்கவுடுவாங்களாமுங்க. ஊரே சொல்லுமுங்க."

பழனிசாமி ஏணியைச் சாத்தினான். நான் ஏறவில்லை. சேலையோடு ஏற வேண்டும். கீழே இரண்டு ஆண்கள் அண்ணாந்து நிற்கிறார்கள். "வேண்டாம் பழனிசாமி, கம்புல டேப்பைக் கட்டித் தூக்கு" என்றேன். கீழே நின்றபடியே உயரத்தை எழுதிக்கொண்டேன். வளையம் எதற்கு என்பதையும் வாட்ச்மேன் வாயிலிருந்தே எடுத்து 'விலங்கு வளையங்கள் - 11' என்று இங்கிலீஷில் டிராயிங்கில் எழுதிவிட்டேன். இத்தனைக்கும் ஆபீசில் என் அளவு என்றால் யாரும் மறுபடி சரிபார்க்க மாட்டார்கள். அந்தத் தலைக்கனம்தான் என்னைக் கவிழ்த்தது.

மாராத்தாள் கேட்டது

பத்து நாள் கழித்து, இடிக்கிற கான்ட்ராக்டருக்கு எல்லை காட்ட மறுபடி போனோம். கேட்டுக்கு வெளியே அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் மாராத்தாள். சோமனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மகன் அங்கே தறி ஓட்டுகிறார்.

"ஏனுங்க அம்மணி, நீங்கதான் ஆபீசருங்களா? இடிக்கறதுக்குள்ள ஒருக்கா உள்ள உட்டீங்கன்னா பாத்துப்போட்டு ஓடிப்போயிருவனுங்க. நான் பொறந்தது இங்கதானுங்க."

அவருடைய அம்மா கொலைக் கேசில் தண்டனை வாங்கி, வயிற்றுப் பிள்ளையோடு உள்ளே வந்தவராம். மூன்று வயது வரை மாராத்தாளும் அம்மாவோடு இங்கேயே இருந்திருக்கிறார். பிறகு சித்தி வந்து தூக்கிக்கொண்டு போனார். அம்மா உள்ளேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். மாராத்தாளுக்கு அம்மா முகம் கூட ஞாபகம் இல்லை.

உள்ளே வந்ததும் மேலே பார்த்தார்.

"எங்கம்மாவத் தொங்கவுட்டதுன்னு சொல்லுவாங்களே, அது இதுங்களா?"

என் கையில் டிராயிங் இருந்தது. அதில் இருந்ததை அப்படியே சொன்னேன். "ஆமாங்கம்மா. விலங்கு மாட்டற வளையமுங்க."

அவர் சத்தம் போட்டு அழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு மேடையில் உட்கார்ந்துவிட்டார். "சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல எல்லாம் கேலி பண்ணுவாங்க அம்மணி. பொய்யா இருக்கோணும்னு நெனச்சுட்டே இருந்தனுங்க. கெவருமெண்டுப் பேப்பருலயே இருக்குதுன்னா அப்புறம் என்னங்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பேப்பரில் எழுதியது நான். நான் எதைப் பார்த்து எழுதினேன்?

"பழனிசாமி, ஏணியைக் கொண்டா."

"நீங்களாங்க மேடம்?"

"நான்தான்."

நாற்று நடும் பெண்கள் செய்வது போலக் கொசுவத்தை இழுத்துப் பின்னால் செருகினேன். பழனிசாமி ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். கான்ட்ராக்டரும் வாட்ச்மேனும் தாமாகவே வெளியே போனார்கள். இவ்வளவுதான் விஷயம். முதல் நாளே ஏறியிருக்கலாம்.

மேலே போய்த் தொட்டுப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. வளையம் பென்சில் கனம்தான் இருந்தது. அதைத் தாங்கும் கொக்கி மரத்தில் அடித்து இறக்கியது. மேல்பக்கம் போல்ட்டும் இல்லை, நட்டும் இல்லை. வளர்ந்த பெண் ஒருத்தி தொங்கினால் உருவிக்கொண்டு வந்துவிடும். கொக்கியில் வளையம் உட்காரும் இடம் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. சும்மா தொங்கும் பாரம் இரும்பை அப்படித் தேய்க்காது. நாள் கணக்காக, வருடக் கணக்காக ஆடிய பாரம்தான் தேய்க்கும். அங்கிருந்து கீழே பார்த்தேன். வளையம் மேடையின் ஓரத்துக்கு நேராக இருந்தது. அதிலிருந்து தொங்குவதைப் படுத்திருப்பவள் எழுந்திருக்காமலே கையை நீட்டி ஆட்டிவிடலாம். என் மகளுக்கு எங்கள் வீட்டில் நான் கட்டியதும் அதே இடத்தில்தான்.

ஏணியில் நின்றபடியே சொன்னேன். "அம்மா, இது தொட்டில் கட்டின வளையமுங்க."

இறங்கி வந்து வாசல் பக்கமும் போய்ப் பார்த்தேன். கம்பிக் கதவை ஒட்டி, கல்லைக் குடைந்து ஈயம் ஊற்றி இறுக்கிய இரண்டு வளையங்கள் கட்டைவிரல் கனத்தில் இருந்தன. விலங்கு மாட்டியது அங்கே. அதையும் மாராத்தாளிடம் மறைக்கவில்லை. அங்கே யாரையும் துன்பப்படுத்தவே இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் அவர் அம்மா தலைக்கு மேலே இருந்தது தொட்டில்.

அவர் ஹாலுக்குள் திரும்பி வந்து மறுபடி மேலே பார்த்தார். பிறகு, "பேப்பருல மாத்தி எழுதுவீங்களா அம்மணி? எழுதுனாத்தானுங்க ஊரு நம்பும்" என்றார்.

திருத்தம்

ஏ.இ. நல்ல மனிதர்தான். ஆனால் கையெழுத்துப் போட்ட பேப்பர் என்றால் அவருக்குப் பயம்.

"ஏம்மா, இடிச்சுத் தள்ளப்போற கட்டடம். வளையம் எதுக்குன்னு எவன் கேக்கப்போறான்? இப்பத் திருத்துனா, மொதல்ல ஏன் தப்பாப் போட்டேன்னு மேல இருக்கறவன் என்னையத்தான் கேப்பான்."

"தப்பு என்னுதுங்க சார். ஏணியில ஏறாம, வாட்ச்மேன் சொன்னதை எழுதிப்போட்டேன். அப்படியே எழுதித் தர்றனுங்க."

"அப்படி எழுதிக் குடுத்தா உனக்கு மெமோ வரும், தெரியுமில்ல?"

"வரட்டுங்க சார்."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். அப்புறம் நான் குறித்து வந்த கனத்தையும் தேய்மானத்தையும் வாங்கிப் பார்த்தார். கணக்குப் போட்டார். ஒரு பெண்ணின் எடையை அந்தக் கொக்கி தாங்காது என்று அவர் கணக்கிலும் வந்தது. பேனாவைக் கீழே வைத்தார்.

"சரி, ரிவிஷன் போடு. கட்டத்துல உன் இனிஷியலையே போட்டுக்கோ."

டிரேசிங் ஷீட்டில் மையைச் சுரண்டுவதற்குப் புது பிளேடு வேண்டும். கை நடுங்கினால் ஷீட் கிழிந்துவிடும். பழைய எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, இங்கிலீஷில் புதிதாக எழுதி, அதற்கு அடியில் தமிழிலும் எழுதினேன். திருத்தியவர் பெயர் போடும் ரிவிஷன் கட்டத்தில் அந்த ஆபீசில் ஒரு பெண்ணின் இனிஷியல் விழுந்தது அதுதான் முதல் தடவை. மெமோவும் வந்தது. இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இடிப்பதற்கு முந்தின நாள் மாராத்தாளை வரச் சொல்லியிருந்தேன். மகனையும் கூட்டி வந்திருந்தார். பிரிண்டை மேடையில் விரித்தேன். மகன் விரலை வைத்து, எழுத்துக் கூட்டுவது போல மெதுவாக, உரக்கப் படித்தார்: "தொட்டில் வளையங்கள், பதினொன்று."

"இன்னொருக்காப் படி சாமி" என்றார் மாராத்தாள். மகன் மறுபடி படித்தார்.

"இதுல எது என்னுதுங்க அம்மணி?"

"அது எனக்குத் தெரியாதுங்கம்மா." தெரியாததைச் சொல்லக்கூடாது என்று அதற்குள் நன்றாகவே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன்.

"அப்ப ஏணியப் புடிங்க."

மகன் தடுக்கத் தடுக்கக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு ஏறினார். முதல் வளையத்தைப் பிடித்து மெல்ல ஆட்டிவிட்டார். இறங்கி, அடுத்ததில் ஏறினார். ஒன்றைக்கூட விடாமல் பதினொன்றையும் ஆட்டிவிட்டுத்தான் இறங்கினார். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பார்க்காததை எழுதாதீர்கள், எழுதியது தப்பென்றால் உங்கள் பெயரைப் போட்டே திருத்துங்கள். நீங்கள் எழுதியதை நம்பி, மூச்சு வாங்க வாங்க ஒருவர் பதினோரு தடவை ஏணி ஏறுவார்.