டேப்பில் எல்லோரும் நலம்

எம்.பில். உளவியலுக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் மனைவிமார் தனிமையை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது. இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். கேள்வித்தாளை நீட்டி டிக் அடிக்கச் சொல்லும் ஆராய்ச்சி எனக்கு வேண்டாம், நேர்காணல்தான் செய்வேன் என்று துறையில் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருந்தேன். வாய்க்கொழுப்பு. அதன் பலனைச் சீக்கிரமே அனுபவித்தேன்.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பல்லாவரம் போவேன். தோழி ஒருத்தி அறிமுகம் செய்துவைத்த முஸ்லிம் குடும்பங்கள் அங்கே இருந்தன. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சர்பத், பிறகு சாப்பாடு, அதற்குப் பிறகுதான் பேச்சு. அடுப்படியில் என்னோடு வாய் ஓயாமல் அரட்டை அடித்தவர்கள், டேப் ரிக்கார்டரின் பட்டனை அழுத்தியதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்வார்கள். "அல்லா கிருபையில நாங்க எல்லாரும் நலம். ஒரு கொறையும் இல்ல." எதைக் கேட்டாலும் அதே நலம்தான்.

கேட்டதையெல்லாம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியை புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லா இருந்தா நீ எதுக்கும்மா ஆராய்ச்சி பண்ற?" என்றார். மனம் திறந்து பேசிய பேட்டி ஒன்றாவது பதிவோடு வராவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டும், ஒரு வருஷம் வீணாகும் என்றார். எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்தது. இன்னொரு வருஷத்தை எனக்கு யாரும் தரப்போவதில்லை.

மிச்சமிருந்தது ஒரே ஒருவர். சந்தைக்குப் பின்தெருவில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா. கணவர் துபாயில் ஏசி மெக்கானிக். சின்னப் பையனோடும் மாமியாரோடும் இருந்தார். வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் செருப்பு அறுந்து, ஏகப்பட்ட எரிச்சலோடு போய் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க எல்லாரும் நலம்," என்று ஆரம்பித்தார் அக்கா. பக்கத்திலிருந்த மாமியார் டேப்பை நோக்கிக் குனிந்து, "ஒடம்பப் பாத்துக்கப்பா, வெயில்ல அலையாத," என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "யாருகிட்ட மாமி பேசறீங்க?" என்றேன். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பழக்கதோசம்," என்றார். "போன் பேசினா காசு கரையுது. கேசட்டுல பேசி, லீவு முடிஞ்சு போறவங்க கையில குடுத்து அனுப்புவோம். அங்க ஒரு ரூம்ல ஆறு பேரு. எல்லாரும் சேந்து உக்காந்து கேப்பாங்க. அதுல போயி அழுதுகினு இருக்க முடியுமா? டேப்பைப் பாத்தாலே நலம்னுதான் வாயில வருது."

அத்தனை வீடுகளிலும் நான் கேட்டது துபாய்க்குப் போகவேண்டிய பேச்சு என்பது அப்போதுதான் புரிந்தது. டேப்பை நிறுத்தினேன். நிறுத்தினால் பேச்சு வருகிறது, பதிவு இல்லை. போட்டால் பதிவு இருக்கிறது, பேச்சு இல்லை. என் நிலைமையை ஒளிக்காமல் சொன்னேன். அக்கா டேப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ ஒண்ணும் கேக்காத. மாமியோட போய் டீ குடி," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் ஆராய்ச்சி முறைப் பாடத்தில் இப்படி ஒரு நேர்காணல் கிடையாது. பேட்டி எடுக்க வந்தவள் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்த அக்காவின் முகம் வீங்கியிருந்தது. "படிப்புக்கு எடுத்துக்க, பேரு போடாத. அப்புறம் கேசட்டத் திருப்பிக் குடுத்துடு. இது அவருக்குப் பேசினது."

வீட்டுக்கு வந்து கேட்டேன். "என்னங்க, நான் நல்லா இல்லீங்க," என்று தொடங்கியது. பெருநாளன்று புதுப் புடவையைக் கட்டிவிட்டு உடனே அவிழ்த்து மடித்து வைத்ததைச் சொன்னார். பையன் கேசட்டைத்தான் அப்பா என்று நினைத்து, அதைக் காட்டி 'அத்தா' என்பதைச் சொன்னார். கோபம் வந்தால் சண்டை போடக்கூட ஆள் இல்லை என்றார். நான் தயாரித்து வைத்திருந்த கேள்விகளில் இதெல்லாம் எங்கே இருந்தது? அன்று தேம்பித் தேம்பி அழுதேன். எழுதிக் கொண்டுபோனதைப் பேராசிரியை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது எனக்குப் பயமாக இருந்தது. இதனால் அந்தக் குடும்பத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? "அழிச்சிடலாமாக்கா?" என்றேன்.

"எதுக்கு? அவரு கேக்கட்டும்," என்றவர், உறையின் மேல் 'தனியாகக் கேட்கவும்' என்று எழுதினார்.

இன்று நானும் ஒரு வகுப்பில் நின்று நேர்காணல் முறையைச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் சாப்பிடும் சோறு அந்த அக்கா போட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, சந்தோஷம்தான்.

ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுத்திருந்த வாரம் அக்கா போன் செய்தார்.

"கேட்டாராக்கா?"

"கேட்டாரு. எல்லாரும் தொழுகைக்குப் போனப்ப தனியா கேட்டாராம். ரொம்ப நாளா போனே இல்ல. நேத்துதான் பண்ணாரு."

"திட்டினாரா?"

"இல்ல. போனப் பண்ணிட்டு சும்மாவே இருந்தாரு. காசு போவுதேன்னு நான் பதறிக்கினு இருக்கேன். அப்புறம் சொன்னாரு, நானும் நல்லா இல்லன்னு."